ஒரு ட்ராக் விற்றால் யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு காசு வந்து சேரும்?

டிஜேமாருக்கு ட்ராக் விற்கிற பீட்போர்ட் என்ற இணையக் கடையில் ஒரு டெக்னோ (ஒருவகை எலக்ட்ரோனிக் நடன இசை) ட்ராக்கின் விலை 1.49 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டொலர் 300 ரூபா என்றால் 447 ரூபா. கொக்குவிலில் ஒரு அறைக்குள் மடிக்கணினியும் ஹெட்போனுமாக இருந்து இசை செய்கிற பெடியன் இந்த விலையைக் கண்டதும் மனக்கணக்குப் போடுவான்: ஆயிரம் பேர் வாங்கினால் நாலரை லட்சம். பெருக்கல் சரி. பெருக்க எடுத்த எண்தான் பிழை. அந்த 447 ரூபாவில் அவனுடைய பங்கு, வழக்கமான ஒப்பந்தம் ஒன்றின்படி, 114 ரூபாவுக்குக் கிட்டத்தான் வரும். அதுவும் பல மாதம் கழித்து, லேபல் (இசையை வெளியிடும் நிறுவனம்) போட்ட செலவு கழிந்த பிறகு, காசை வாங்க ஒரு வழி இருந்தால்.

மிச்சம் 333 ரூபாவும் எங்கே போகிறது, அந்தக் கடைசி 'வழி' ஏன் யாழ்ப்பாணத்தில் இருப்பவர் முதலில் யோசிக்க வேண்டிய விஷயம் என்பவற்றைத்தான் கீழே சொல்லப்போகிறேன். இது முதல் ட்ராக்கை எங்கே போடுவது என்று தேடிக்கொண்டிருப்பவருக்கு எழுதுவது. ஐந்தாறு வெளியீடு செய்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். கணக்குக்கு எல்லா இடத்திலும் டொலர் 300 ரூபா. 2022இன் தொடக்கத்தில் அது 200 ரூபாவாக இருந்து, சில மாதத்துக்குள்ளேயே 360ஐத் தொட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் இந்த ரூபாக் கணக்குகளை குத்துமதிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்குகிறவர் யார்?

2003இல் ஆப்பிள் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து ஒரு பாட்டை 99 சதத்துக்கு விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் இப்படித் தரவிறக்கி வாங்கும் வியாபாரம் 2012 வாக்கில் உச்சிக்குப் போய், ஸ்ட்ரீமிங் வந்த பிறகு சரிந்து, இப்போது அந்த நாட்டு இசை வருமானத்தில் சில வீதம் மட்டும்தான். சாதாரண ரசிகர் பாட்டுக் கோப்பு வாங்குவதை எப்போதோ விட்டுவிட்டார்.

எலக்ட்ரோனிக் இசையில் மட்டும் அந்த வியாபாரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. காரணம் டிஜேமார். கிளப்பில் வாசிக்கிறவர் இணைய இணைப்பை நம்பி மேடை ஏறுவதை விரும்பமாட்டார். கோப்பு அவருடைய பென் டிரைவில் இருக்க வேண்டும், நல்ல தரத்தில் இருக்க வேண்டும். 320 கே எம்.பி.3 அல்லது வேவ் (சுருக்காத ஒலிக் கோப்பு). வேவ் என்றால் நிமிடத்துக்குப் பத்து எம்.பி. பிடிக்கும். ஏழு நிமிட ட்ராக் ஒன்று 70 எம்.பி.

ஏழு நிமிடம் ஏன்? டிஜே ஒரு ட்ராக்குக்குள் அடுத்ததைக் கலக்க வேண்டும், அதற்கு இடம் வேண்டும். நிமிடத்துக்கு 128 அடி போகிற ஹவுஸ் நடன இசை ட்ராக்கில் 32 பார் (ஒரு பார் நாலு அடி) என்பது சரியாக ஒரு நிமிடம். அந்த முதல் நிமிடம் முழுக்க கிக், ஹைஹட் என்கிற வெறும் தாளச் சத்தங்கள்தான் இருக்கும், முடிவிலும் அப்படித்தான். இதைத்தான் எக்ஸ்டெண்டட் மிக்ஸ் என்கிறார்கள். டிஜே வாங்குவது அதைத்தான். மூன்று நிமிட ரேடியோ எடிட் ஸ்ட்ரீமிங்குக்குப் போகும்.

2004இல் அமெரிக்காவின் டென்வரில் தொடங்கிய பீட்போர்ட் இந்த டிஜேமாருக்கான கடை. ட்ராக்ஸ்சோர்ஸ், ஜூனோ டவுன்லோட் என்று வேறு கடைகளும் உண்டு. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்முடைய பெடியள் பலர் செய்வது மெலடியும் ராப்பும் கலந்த தமிழ்ப் பாட்டு, பின்னணியில்தான் எலக்ட்ரோனிக் சத்தம். நல்ல விஷயம். ஆனால் பெர்லினில் டெக்னோ வாசிக்கிறவர் அதை வாங்கமாட்டார். அந்தப் பாட்டுக்கு பீட்போர்ட் சரியான கடையே இல்லை. அப்படிப்பட்டவர் இந்தக் கட்டுரையில் பாண்ட்காம்ப் என்ற இணையக் கடை பற்றிய பகுதிக்கு நேரே போகலாம்.

1.49 டொலர் கரைகிற விதம்

பீட்போர்ட்டில் நீங்கள் நேரே போய் ட்ராக் ஏற்ற முடியாது. லேபல் ஒன்றின் ஊடாக, அந்த லேபலுக்குச் சரக்கு அனுப்பும் விநியோகஸ்தர் ஊடாகத்தான் போக வேண்டும். ஆக உங்களுக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் மூன்று பேர்.

சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிற தோட்டக்காரருக்கு இது புதிதாக இருக்காது. நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழிவு என்று சொல்லிக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்துக்குக் காசு என்பது அங்கே நீண்ட காலம் இருந்த வழக்கம். இங்கே கழிவு மூன்று இடத்தில் விழுகிறது, விகிதமும் பெரிது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விகிதங்கள் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், இவை நடைமுறையில் அடிக்கடி அடிபடுகிறவை. கடை 40 வீதம் எடுத்தால் மிச்சம் 89 சதம். அதில் விநியோகஸ்தர் 15 வீதம் எடுத்தால் 76 சதம். இது லேபலின் கைக்கு வருவது. லேபலும் நீங்களும் பாதிப் பாதி என்றால் உங்களுக்கு 38 சதம், அதாவது 114 ரூபா. இன்னொருவரோடு சேர்ந்து செய்த ட்ராக் என்றால் ஆளுக்கு 57 ரூபா. நூறு பிரதி விற்றால் தனியாகச் செய்தவருக்கு 11,400 ரூபா.

இந்த 'பாதிப் பாதி' எதில் பாதி என்பதைத்தான் ஒப்பந்தத்தில் தேட வேண்டும். பெரும்பாலும் 'நிகர வரவில் பாதி' என்று இருக்கும். நிகரம் என்றால் செலவு போக. மாஸ்டரிங் (கடைசியாகச் சத்தத்தைச் சீராக்குவது), அட்டைப்படம், விளம்பரம் எல்லாம் செலவுக்குள் அடங்கும். லேபல் உங்கள் ட்ராக்குக்கு 100 டொலர் செலவழித்தது என்று வையுங்கள். ஒரு விற்பனைக்கு 76 சதம் வருகிற இடத்தில், அந்த நூறை மீட்க 132 பிரதி விற்க வேண்டும். அதுவரை உங்களுக்கு ஒரு சதமும் இல்லை. பிறகு, 50 டொலர் சேர்ந்தால்தான் அனுப்புவோம் என்று இன்னொரு வரி இருக்கும். 38 சதமாக 50 டொலர் சேர இன்னும் ஒரு 132 விற்க வேண்டும். ஆக 264 பிரதி விற்ற பிறகுதான் முதல் காசு. புது ஆள் ஒருவரின் ட்ராக் 264 விற்பது லேசான காரியம் இல்லை.

இதை வைத்து லேபல்காரரை எல்லாம் கள்ளர் என்று நினைக்க வேண்டாம். சிறு லேபல்களில் பலவற்றை ஒன்றிரண்டு பேர் வேறு வேலை பார்த்துக்கொண்டே நடத்துகிறார்கள், அவர்களும் இதே 38 சதத்தைத்தான் எடுக்கிறார்கள். நல்ல லேபல் ஒன்று உங்கள் ட்ராக்கைப் பெயருள்ள டிஜேமாரின் கையில் சேர்க்கும். அந்த அறிமுகத்துக்காக லேபலோடு போகலாம். காசுக்காகப் போகிறேன் என்றால் மேலே உள்ள கணக்கை இன்னொரு தரம் பாருங்கள்.

காசோடு ஒரு கணக்குக் கூற்று வரும். எக்ஸல் தாள் மாதிரி நீளமாக இருக்கும். பார்த்தவுடன் மூடிவிடத் தோன்றும், மூடாதீர்கள். ஒரு வரியை எடுத்து வாசிப்போம்: ட்ராக்கின் பெயர், 'எக்ஸ்டெண்டட் மிக்ஸ்', பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு கோடு, பீட்போர்ட், ஜேர்மனி, 3, 2.28. கடைசி இரண்டும் எண்ணிக்கையும் லேபலுக்கு வந்த தொகையும். அதில் பாதி, 1.14 டொலர், உங்களுடையது. அந்தப் பன்னிரண்டு இடக் கோடுதான் ஐ.எஸ்.ஆர்.சி., ஒரு ஒலிப்பதிவின் அடையாள அட்டை இலக்கம் போல. எக்ஸ்டெண்டட் மிக்ஸுக்கு ஒன்று, ரேடியோ எடிட்டுக்கு வேறொன்று. இரண்டுக்கும் ஒரே கோடு போட்டுவிட்டால் கணக்குக் கலந்துவிடும். நாட்டுப் பெயர் உள்ள பத்தியும் முக்கியம். ஆறு மாதமாக ஜேர்மனியிலும் நெதர்லாந்திலும்தான் விற்கிறது என்றால் அடுத்த ட்ராக்கை எந்த ஊர் டிஜேமாருக்கு அனுப்புவது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

கூற்று மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வரும். கடை விநியோகஸ்தருக்குக் கொடுத்து, அவர் லேபலுக்குக் கொடுத்து, லேபல் உங்களுக்குக் கொடுக்க, தை மாதம் விற்றதன் காசு ஆவணியில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் எல்லாம் நிற்கும். 2013இல் பீட்போர்ட்டை வாங்கிய எஸ்.எஃப்.எக்ஸ். என்ற நிறுவனம் நிதி நெருக்கடியில் மாட்டியபோது, 2015 ஆகஸ்டில் லேபல்களுக்கான கொடுப்பனவு சிறிது காலம் முடங்கியது. அடுத்த ஆண்டு எஸ்.எஃப்.எக்ஸ். வங்குரோத்துக்குப் போனது. பீட்போர்ட் தப்பி இன்றும் நடக்கிறது.

பாண்ட்காம்ப்: நேரே விற்றால்

2008இல் தொடங்கிய பாண்ட்காம்ப்பில் லேபல் கட்டாயமில்லை. நீங்களே பக்கம் திறந்து, நீங்களே விலை வைக்கலாம். தரவிறக்க விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 வீதம். ஓராண்டில் 5,000 டொலருக்கு மேல் விற்றால் 10 வீதமாகக் குறையும். காசு பரிமாற்றக் கட்டணம் தனி. எல்லாம் போக, சராசரியாக 82 வீதம் கலைஞரிடம் சேர்கிறது என்று அந்த நிறுவனம் சொல்கிறது. கோவிட் முடக்கம் தொடங்கிய 2020 மார்ச்சிலிருந்து, சில மாதங்களின் முதல் வெள்ளியில் தங்கள் பங்கை எடுக்காமல் விடுகிறார்கள். அந்த நாளில் சேர்வது சராசரி 93 வீதம்.

நாலு ட்ராக் கொண்ட ஈ.பி. (சிறு தொகுப்பு) ஒன்றை 7 டொலருக்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். 82 வீதம் என்றால் 5.74 டொலர், 1,722 ரூபா. பீட்போர்ட்டில் இதே காசு வர 15 ட்ராக் விற்க வேண்டும். தவிர, பாண்ட்காம்ப்பில் நீங்கள் வைப்பது குறைந்த விலை மட்டும்தான், வாங்குகிறவர் விரும்பினால் கூடக் கொடுக்கலாம். ஏழு டொலர் போட்ட இடத்தில் இருபது கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

நமக்கு இது பொருந்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஸ்காபரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற நம்மாட்கள் கிரெடிட் கார்டில் ஏழு டொலர் கொடுக்க யோசிக்கிறவர்கள் இல்லை. ஊரிலிருந்து ஒருவர் தவிலையோ கீரிமலைக் கடல் சத்தத்தையோ வைத்து ஏதோ செய்திருக்கிறார் என்றால் கேட்டுப்பார்ப்பார்கள், பிடித்தால் வாங்குவார்கள். பெர்லின் டிஜேயை எட்டுவதைவிட இவர்களை எட்டுவது உங்களுக்குச் சுலபம். ஆனால் ஊர்ப் பாசத்துக்காக வாங்குகிறவர் ஒரு தரம்தான் வாங்குவார் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது ஈ.பி.யை அவர் வாங்குவது இசை நன்றாக இருந்தால் மட்டுமே.

ஸ்ட்ரீமிங்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விற்பனை இல்லை என்பதால். ஸ்பொட்டிபை இலங்கைக்கு 2021 பெப்ரவரியில் வந்தது. ஒரு தரம் கேட்டால் இவ்வளவு என்று நிலையான விலை அங்கே இல்லை. சந்தாவும் விளம்பரமும் சேர்ந்த தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை, மொத்தக் கேட்டலில் உங்கள் பங்கு எவ்வளவோ அதன்படி பிரிப்பார்கள். சராசரியாக 0.003 டொலருக்கு அங்கிங்காக வரும். இலங்கையில் சந்தா மலிவு என்பதால் இங்கிருந்து கேட்டால் இன்னும் குறையும். 2024இலிருந்து, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தரமாவது கேட்கப்படாத ட்ராக்குக்கு அங்கே காசே இல்லை. மேலே சொன்ன ஒரு ஈ.பி. விற்பனைக்கு ஈடுகட்ட 1,900க்கு மேல் கேட்டல் வேண்டும். உங்களை ஆட்கள் தேடிக் கண்டுபிடிக்க அது ஒரு இடம், அவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

காசு எந்த வழியால் வரும்?

வெளிநாட்டில் எழுதப்படுகிற வழிகாட்டிகளில் இந்தப் பகுதியே இருக்காது. லண்டனில் இருப்பவர் பேபால் கணக்கைக் கொடுத்தால் வேலை முடிந்தது. இலங்கையில் பேபால் வைத்துப் பொருள் வாங்கலாம், காசு அனுப்பலாம். காசு பெற மட்டும் நீண்ட காலமாக முடியாமல் இருந்தது. இப்போது மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அரசாங்கங்கள் இதைச் சரிசெய்யப்போவதாகப் பல தரம் சொல்லியிருக்கின்றன. பாண்ட்காம்ப் ஆண்டுக்கணக்காகக் கலைஞருக்குக் காசு அனுப்பியது பேபால் வழியாகத்தான். மற்ற நாடுகளில் பலர் காசு பெறப் பயன்படுத்தும் ஸ்ட்ரைப் சேவையிலும் இலங்கையிலிருந்து கணக்குத் திறக்க முடியாது. ஆகவே முதல் வேலை, ட்ராக்கை ஏற்றுவதற்கு முன்பு, அந்தக் கடையோ விநியோகஸ்தரோ இலங்கைக்கு எந்த வழியால் காசு அனுப்புவார் என்று பார்ப்பது. பக்கம் திறந்து, முப்பது பேர் வாங்கி, காசு உள்ளே கிடந்து, எடுக்க வழியில்லாமல் நிற்பதைவிட இது நல்லது.

இருக்கிற வழிகள் இவை. இணையத்தில் வேலை செய்து உழைக்கிற ஆட்கள் இங்கே பெரும்பாலும் வெளிநாட்டுக் காசு பெறுகிற பேயோனியர் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு அனுப்புகிற விநியோகஸ்தர் என்றால், அங்கிருந்து உங்கள் வங்கிக் கணக்குக்கு எடுக்கலாம். ஒவ்வொரு எடுப்புக்கும் கட்டணம் உண்டு. ஆண்டுக்கு மிகக் குறைவாக வருகிற கணக்குகளுக்கு ஆண்டுக் கட்டணமும் உண்டா என்று திறக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சில விநியோகஸ்தர்கள் நேரே வங்கிக்கு அனுப்புவார்கள். அதில் அனுப்புகிறவரின் கட்டணம், நடுவில் நிற்கிற வங்கியின் கட்டணம் என்று 20 டொலர் போகிறது என்று வைத்தால், 25 டொலர் எடுக்கப்போனவருக்கு மிஞ்சுவது ஒரு கொத்துரொட்டிக் காசு. சிறு தொகையைச் சேர விட்டு ஆண்டுக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ எடுப்பதுதான் புத்தி.

பிறகு எல்லோருக்கும் தெரிந்த வழி: லண்டனில் இருக்கிற மச்சானின் பேபால். இதைப் பெடியள் செய்கிறார்கள், செய்யாதே என்று நான் சொன்னாலும் செய்வார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம். உங்கள் பெயரில் பக்கம், மச்சானின் பெயரில் காசு என்றால் அது கடையின் விதிக்கும் ஒத்துவராது, வரிக்கணக்கில் அந்த வருமானம் மச்சானுடையதாகவே பதியும். அதைவிட, மச்சானை ஒரு சின்ன லேபலாகவே வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் அவருடைய பெயரில், விற்பவர் அவர், உங்களோடு ஒரு தாளில் ஒப்பந்தம், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் உங்கள் பங்கை வழக்கம்போல வங்கி மூலம் அனுப்புவது. பிரித்தானியாவில் இப்படிப் பக்க வியாபாரத்தில் ஆண்டுக்கு 1,000 பவுண்ஸ் வரை வரும் மொத்த வரவுக்கு வரிவிலக்கு இருக்கிறது, அதனால் தொடக்கத்தில் அவருக்குத் தலையிடி இருக்காது. கனடா, பிரான்ஸ் என்றால் அங்கத்தைய விதியை அவரே விசாரிக்க வேண்டும். சொந்தக்காரன்தானே, எழுத்து எதற்கு என்று விட்டால், காசு கொஞ்சம் பெருகுகிற அன்றைக்கு இரண்டு வீட்டிலும் கதை மாறும்.

அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு கணக்குத் திறந்தால் டபிள்யூ-8பென் என்று ஒரு படிவம் கேட்பார்கள். விளங்கவில்லை என்று ஏனோதானோ என்று நிரப்புகிற இடம் இதுதான். அமெரிக்காவில் உழைக்கிற ரோயல்டிக்கு அந்த நாடு வெளிநாட்டவரிடம் 30 வீதம் பிடிக்கும். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் வரி உடன்படிக்கை இருப்பதால் அதை 10 வீதமாகக் குறைக்கலாம், படிவத்தில் அந்தப் பகுதியை நிரப்பினால். நிரப்ப, உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தருகிற வரி இலக்கம் தேவை. நூறு டொலருக்கு இருபது டொலர் வித்தியாசம், 6,000 ரூபா. ஒரு படிவத்துக்கு நல்ல கூலிதானே. இங்கத்தைய வரியைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 லட்சம் ரூபா வரையான தனிநபர் வருமானத்துக்கு வரி நிவாரணம் உண்டு. ட்ராக் விற்று மட்டும் அந்த எல்லையைத் தாண்டினால் கொண்டாடலாம்.

ஓராண்டு எப்படி இருக்கும்?

கற்பனைக் கணக்கு ஒன்று. திருநெல்வேலியில் இருக்கிற ஒருவர் ஓராண்டில் ஒரு ஈ.பி.யை பாண்ட்காம்ப்பில் 40 பேருக்கு விற்கிறார். ஒரு ட்ராக்கைச் சிறு லேபல் ஒன்று பீட்போர்ட்டில் போட்டு 60 விற்கிறது. ஸ்ட்ரீமிங்கில் 8,000 கேட்டல். முதலாவதில் 230 டொலர். இரண்டாவதில் 22.80 டொலர் வந்திருக்க வேண்டும், லேபலின் செலவு இன்னும் மீளாததால் பூச்சியம். மூன்றாவதில் ஏறத்தாழ 24 டொலர். மொத்தம் 254. ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பும் விநியோகஸ்தருக்கு ஆண்டுக் கட்டணம் 25 டொலர் என்று கழித்தால் 229. இசை செய்கிற மென்பொருளான எஃப்.எல். ஸ்டூடியோவின் ஆரம்பப் பதிப்பை 99 டொலருக்கு வாங்கியிருந்தால் மிச்சம் 130 டொலர், 39,000 ரூபா. கரண்ட் காசும் ஹெட்போனும் இதில் சேரவில்லை.

மென்பொருளைக் களவாக எடுத்தால் 99 டொலர் மிச்சம்தானே என்று கேட்பீர்கள். எஃப்.எல். ஸ்டூடியோவின் இலவசச் சோதனைப் பதிப்பில் எல்லாம் செய்யலாம், சேமித்ததைத் திரும்பத் திறக்க மட்டும் முடியாது. பழக அது போதும். ஒருமுறை வாங்கினால் பிந்திய பதிப்புகள் எல்லாம் இலவசம். உங்கள் ட்ராக்குக்குக் காசு கேட்கப்போகிற நீங்கள் மற்றவன் செய்த மென்பொருளுக்குக் காசு கொடுக்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அது என் கதை.

தவில் யாருடையது?

யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் எலக்ட்ரோனிக் இசை செய்தால் எப்போதோ ஒருநாள் தவிலில் கை வைப்பார். தவிலுக்குப் பெயர்போன இணுவில் பக்கத்தில்தானே இருக்கிறது. தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் பழைய பதிவு ஒன்றை வெட்டி, அதற்குக் கீழே ஒரு கிக்கைப் போட்டுப் பார்க்காத பெடியன் குறைவு. வீட்டில் போட்டுக் கேட்கலாம். விற்கப்போனால் சிக்கல். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டை ஆக்கியவருக்கு மட்டுமல்லாமல் வாசித்தவருக்கும் பதிவு செய்தவருக்கும் உரிமை கொடுக்கிறது. கசெற் பழசாகிவிட்டது, யார் கேட்பார் என்பது பதில் இல்லை. ட்ராக் கொஞ்சம் ஓடினால்தான் கேட்பார்கள்.

நேரான வழி, தவில்காரர் ஒருவரைக் கூப்பிட்டுப் புதிதாகப் பதிவு செய்வது. திருவிழாக் காலம் தவிர்த்து மற்ற நாட்களில் கேட்டுப்பாருங்கள். வரும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: யார், எந்தத் திகதி, எந்த ட்ராக்குக்கு, கொடுத்த தொகை எவ்வளவு, அது ஒரே தரக் கூலியா, விற்பனையில் பங்கும் உண்டா. பங்கு என்றால் எத்தனை வீதம், ஆண்டில் எப்போது கொடுப்பது. வித்துவானிடம் தாளை நீட்டக் கூச்சமாக இருக்கும், ஆனால் பெரும்பாலான வித்துவான்கள் இதற்குக் கோபிக்கமாட்டார்கள். கோயில் உபயகாரரிடம் கூலி பேசிப் பழகினவர்கள் அவர்கள்.

ஸ்ப்ளைஸ் மாதிரி இணையத்தளங்களிலிருந்து எடுக்கிற லூப்களை (திரும்பத் திரும்ப ஓடவிடுகிற சின்ன ஒலித்துண்டுகள்) ட்ராக்கில் போட்டு விற்கலாம், தடையில்லை. ஆனால் அதே லூப்பை உலகத்தில் இன்னும் ஆயிரம் பேர் போட்டிருப்பார்கள். அப்படியான ட்ராக்கை யூடியூப்பின் உரிமைகோரல் முறையில் பதியக் கூடாது. பதிந்தால் மற்றவரின் வீடியோவில் உங்கள் பெயரில் கோரிக்கை போய் விழும், பிறகு விநியோகஸ்தர் உங்கள் கணக்கையே நிறுத்தலாம். படிவத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போடுகிற விஷயம்தான், பலர் வாசிக்காமல் போட்டுவிடுகிறார்கள்.

ட்ராக் விற்காமல் வருகிற காசு

வெளிநாட்டில் பெயரெடுத்த எலக்ட்ரோனிக் இசைக்காரரும் பெரும்பாலும் சாப்பிடுவது மேடையில் வாசித்த காசில்தான். ட்ராக் அவர்களுக்கு ஒரு அழைப்பிதழ். இலங்கையில் அப்படியான மேடைகள் கொழும்பிலும், ஹிக்கடுவ, வெலிகம, அறுகம்பை போன்ற சுற்றுலாக் கடற்கரைகளிலும்தான் கூட. யாழ்ப்பாணத்தில் டிஜே என்றால் கலியாண மண்டபம், பிறந்தநாள், சாமத்தியவீடு. அங்கே உங்கள் டெக்னோவை ஒருவரும் கேட்கப்போவதில்லை, கேட்பது சினிமாப் பாட்டு. ஆனால் நேரத்துக்குக் காசு வரும், அன்றைக்கே கையில் வரும்.

பின்னணி இசைதான் இங்கே நல்ல வேலை. குறும்படம் எடுக்கிற பெடியள், யூடியூப் நடத்துகிறவர்கள், நகைக்கடை விளம்பரம், உள்ளூர் வானொலி. உங்கள் கையில் இருக்கிற அதே கணினியும் அதே சத்தங்களும் போதும். ஆனால் இந்த வேலைகளில் வாயால் பேசி, முற்பணம் வாங்கி, கோப்பை வாட்சப்பில் அனுப்பிவிட்டு முடிப்பதுதான் வழக்கம். ஒலிப்பதிவு யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இந்தப் படத்தில் பாவிக்கும் உரிமை மட்டும் உங்களுக்கு, ஒலிப்பதிவு என்னுடையது. குறும்பட இயக்குநருக்கு இதில் நட்டம் ஒன்றும் இல்லை, அவருக்கு வேண்டியது படத்தில் இசை ஓடுவதுதான். உங்களுக்கோ, படம் திரையிட்டு முடிந்த பிறகு அதே இசையை நாலு ட்ராக்காக வெட்டி, கொஞ்சம் நீட்டி, பாண்ட்காம்ப்பில் ஏழு டொலருக்குப் போடலாம். விளம்பரக் கொம்பனி என்றால் முழு உரிமையும் வேண்டும் என்பார்கள். கொடுக்கலாம், ஆனால் விலையை இரண்டு மடங்காகச் சொல்லிப் பேரம் பேசத் தொடங்குங்கள்.